மூங்கில் பெருக்குறது எப்படி, உங்க கிளைமேட்டுக்கு எந்த ரகம்: மண்ணுக்குள்ள பாத்துட்டு முடிவு பண்ணுங்க

மூங்கில் வளக்கணும்னு ஆசைப்படுறவங்க பெரும்பாலும் மொதல்ல பாக்குறது கழியோட கலரு, உயரம், இலை எவ்ளோ அழகா இருக்குங்கறதுதான். ஆனா மூங்கில்ல எல்லாத்தையும் முடிவு பண்றது மண்ணுக்குள்ள இருக்குற கிழங்கு. அது எப்படிப்பட்ட கிழங்குன்னு தெரிஞ்சிட்டா இந்தச் செடி எவ்ளோ குளிர் தாங்கும், எந்த வழில பெருக்கலாம், வேலி ஓரமா வெக்கலாமா வேணாமா எல்லாமே பாதிக்கு மேல வெளங்கிடும். அதனால ரகத்துக்குப் போறதுக்கு முன்னாடி கிழங்கப் பத்தி கொஞ்சம் சொல்லிடறேன்.

மூங்கில் மரம் கெடையாது, புல் குடும்பம், நெல்லுக்கும் கரும்புக்கும் சொந்தக்காரன். ஒரு கழி மண்ண விட்டு வெளிய வரும்போது என்ன தடிமனோ அதேதான் கடைசி வரைக்கும், மரம் மாதிரி வருஷா வருஷம் பெருக்காது. குருத்து வெளிய வந்து ரெண்டு மூணு மாசத்துல முழு உயரத்த தொட்டுடும், அதுக்கப்புறம் உயரமும் ஏறாது. அடுத்த வருஷம் வர்ற புதுக் கழிதான் இன்னும் தடியா இன்னும் உயரமா வரும், அதுவும் கிழங்குல எவ்ளோ சத்து சேந்திருக்கோ அதுக்குத் தகுந்த மாதிரி. அதனால நட்ட மொத ரெண்டு வருஷம் பென்சில் மாதிரி ஒல்லி ஒல்லியா வந்தா ஏமாந்துட்டோம்னு நெனைக்காதீங்க, கீழ வேலை நடந்துகிட்டு இருக்கு.

கிழங்கு ரெண்டு மாதிரி. ஒண்ணு குத்து மூங்கில், இதோட கிழங்கு குட்டையா தடியா கொக்கி மாதிரி வளஞ்சு, நுனி மேல திரும்பி அதுவே கழியாயிடும், அதனால புதுக் கழி பழைய கழிய ஒட்டியே வரும், குத்து மெதுவாத்தான் அகலமாகும். இன்னொண்ணு ஓடுற மூங்கில். இதோட கிழங்கு விரல் தடிமன்ல நீளமா பக்கவாட்டுல ஓடிகிட்டே இருக்கும், கணுவுக்குக் கணு ஒரு மொட்டு, அதுல சிலது கழியா மேல வரும், சிலது புதுசா இன்னொரு கிழங்கா கெளம்பிடும். ஒரே சீசன்ல பல அடி தாண்டிப் போயிடும், நீங்க நட்டது ஒரு எடம், குருத்து வர்றது வேற எடம். யாராவது மூங்கில் வெச்சு அவஸ்தப்பட்டேன்னு சொன்னா பெரும்பாலும் ஓடுற வகைய தடுப்பு இல்லாம வெச்சவங்களாத்தான் இருப்பாங்க.

சரி, கிளைமேட். குளிர்காலத்துல உங்க எடத்துல ராத்திரி எவ்ளோ டிகிரி வரைக்கும் எறங்கும், வருஷத்துல எத்தன மாசம் மழை இல்லாம காயும், மழை பெஞ்சா தண்ணி தேங்குமா. இந்த மூணு கேள்விக்கு பதில் இருந்தா ரகம் தானா சுருங்கி நாலஞ்சுக்குள்ள வந்துடும்.

பனி உறையவே உறையாத, வெயில் அதிகமான எடம்னா உங்களுக்கு குத்து மூங்கில்தான், வேற பக்கம் போகவே வேணாம். பாம்புசா வல்காரிஸ் (மஞ்சக் கழில பச்சைக் கோடு போட்டு அழகுக்கு வெக்கிறாங்களே அதுவும் இதுல ஒரு வகைதான்), பாம்புசா பால்கோவா, பாம்புசா டுல்டா, டென்ட்ரோகலாமஸ் ஆஸ்பர், தென் அமெரிக்காவோட குவாடுவா அங்குஸ்டிஃபோலியா, இதெல்லாம் சூடும் மழையும் இருந்தா அள்ளிக்கிட்டு வளரும். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் மொதல்ல சொல்றது வல்காரிஸ்தான், ஏன்னா அது அவ்ளோ சுலபமா வேர் பிடிக்கும். மழை கம்மி, மண்ணு சுமார், பல மாசம் காயுற எடம்னா டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ், நம்ம கல்மூங்கில். வருஷத்துக்கு 750 மில்லிமீட்டர் மழை கெடச்சாலே பொழச்சுக்கும், வறண்ட எடத்துல வளந்தா கழிக்குள்ள ஓட்டையே ரொம்ப கம்மியா கிட்டத்தட்ட கெட்டியா இருக்கும், அதனாலதான் அந்தப் பேரு. முள்மூங்கில், அதாவது பாம்புசா பாம்போஸ், ஆத்தங்கரை மாதிரி ஈரமான எடத்துல மண்ண பிடிச்சு நிக்கிறதுல கெட்டி, உயிர் வேலியாவும் நல்லா வரும், ஆனா வளஞ்ச முள்ளு இருக்குற கிளை கீழ வரைக்கும் பின்னிக்கிட்டு கெடக்கும், கழி வெட்ட உள்ள கை விட முடியாது. நடக்கிற எடத்துக்குப் பக்கத்துல தயவுசெஞ்சு வெக்காதீங்க.

எப்பவாவது லேசா உறையுற எடம்னா பாம்புசா ஓல்டாமி, பாம்புசா மல்டிபிளெக்ஸ், பாம்புசா டெக்ஸ்டிலிஸ் இந்த மூணும் மைனஸ் 8, 9 டிகிரி வரைக்கும் தாங்கும். இலை கருகும், சில சமயம் கழியே செத்துப் போகும், ஆனா கிழங்கு மேல தடியா மூடாக்கு போட்டு வெச்சிருந்தா வெயில் வந்ததும் திரும்ப முளைக்கும். மறைப்பு வேலிக்கு மல்டிபிளெக்ஸ்தான் என்னோட சாய்ஸ், கீழ இருந்தே இலை நெறஞ்சு வரும், ரொம்ப உயரமும் போகாது.

நிஜமான குளிர் எடம், மாசக்கணக்குல உறையுற எடம்னா ஓடுற வகையான ஃபில்லோஸ்டாக்கிஸ் வகையறா இருக்கு. ஃபில்லோஸ்டாக்கிஸ் ஆரியா, கருப்புக் கழி வர்ற நைக்ரா இதெல்லாம் மைனஸ் 15 தாண்டியும் தாங்கும், பிசெட்டி, நூடா, ஆரியோசல்கேட்டா இதெல்லாம் மைனஸ் 20 வரைக்கும் போகும். அதே குளிருல ஓடாத மூங்கில் வேணும்னா ஃபார்ஜீசியா, இது குத்து வகை, ஆனா உயரமான மலைல இருந்து வந்தது, அதனால குளிரு பிரச்சனையே இல்ல, வெயில்தான் எமன். மதிய வெயில் பட்டா இலை சுருண்டுக்கும், ராத்திரியும் புழுக்கமா இருக்குற எடத்துல ஒரு கோடை தாண்டுறதே கஷ்டம். இதத்தான் நெறைய பேரு யோசிக்க மாட்டேங்கறாங்க. குளிர் தாங்குற செடி ரொம்ப உறுதியானது, அது எங்கயும் வளந்துடும்னு நெனச்சு வெப்பமான எடத்துல கொண்டு வந்து வெக்கிறாங்க. வெப்ப எடத்துல மோசோ (சீனாவோட ராட்சத மூங்கில்) மாதிரி ஓடுற ரகத்த வெச்சாலும் அது உசுரோட இருக்கும், ஆனா போட்டோல பாத்த அந்த பிரம்மாண்டம் வராது, அதுக்கு ஒரு குளிர்கால ஓய்வு வேணும்.

தண்ணி தேங்குறது மட்டும் எந்த ரகத்துக்கும் ஆகாது. மூங்கிலுக்கு தண்ணி பிடிக்கும், ஆனா அது வடிஞ்சு போயிடணும். களிமண்ணா இருந்தா ஒரு அடி மேடு கட்டி அதுமேல நடுங்க. கொஞ்சம் புளிப்புத் தன்மை இருக்குற மண்ணு, பிஹெச் 5.5ல இருந்து 7க்குள்ள இருந்தா நல்லது.

இன்னொண்ணு, லக்கி பாம்பூன்னு கண்ணாடி டம்ளர் தண்ணில விக்கிறது மூங்கிலே கெடையாது, அது ட்ரசீனா. அத வெட்டி தண்ணில போட்டா வேர் விடுதேன்னு பாத்துட்டு நிஜ மூங்கிலயும் அப்படியே பண்ணிப் பாத்து அழுகிப் போச்சுன்னு வருத்தப்படுறவங்கள நெறைய பாத்திருக்கேன்.

இப்ப பெருக்குறதுக்கு வருவோம். எதுலயும் கை வெக்கிறதுக்கு முன்னாடி தாய்க் குத்த நல்லா நிமிந்து பாருங்க, பூ இருக்கான்னு. மூங்கில் பல ரகம் ஆயுசுல ஒரே ஒரு தடவ பூத்து, விதை விட்டு, செத்துப் போகும். மெலோகான்னா பாக்ஸிஃபெரா சுமாரா 48 வருஷத்துக்கு ஒரு தடவ, ஃபில்லோஸ்டாக்கிஸ் பாம்புசாய்டஸ் கிட்டத்தட்ட 120 வருஷத்துக்கு ஒரு தடவ. இதுல நமக்கு முக்கியமான விஷயம் என்னன்னா, கிழங்கு பேத்தோ கரணை (கழித் துண்டு) வெட்டியோ நீங்க எடுக்குற புதுச் செடிக்கு வயசு பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்காது, தாயோட வயசுதான் அதுக்கும். தாய் அடுத்த வருஷம் பூக்கப் போகுதுன்னா நீங்க ஆசையா வெச்ச குட்டிச் செடியும் பூத்து போயிடும். இலை குறைஞ்சு கிளை நுனியெல்லாம் புல்லுக் கதிர் மாதிரி செதில் செதிலா தொங்குதுன்னா அந்தக் குத்துல கரணை எடுக்காதீங்க, விதைக்கு காத்திருங்க.

விதை கெடச்சா அது பெரிய அதிர்ஷ்டம், ஏன்னா அதுல இருந்து வர்ற செடிக்கு முழு ஆயுசு இருக்கு. பெரும்பாலான ரகத்துல பாக்க நெல்லு மாதிரி இருக்கும். ரொம்ப நாள் வெச்சிருக்க முடியாது, சாதாரணமா வெச்சா சில மாசத்துல முளைப்புத் திறன் போயிடும், எலியும் விடாது, அதனால கெடச்ச உடனே ஒரு நாள் தண்ணில ஊற வெச்சு, மிதக்குற சொத்தைய எடுத்துட்டு, நிழல்ல ட்ரேல விதைங்க. ஒண்ணுல இருந்து மூணு வாரத்துக்குள்ள முளைச்சிடும். நாத்து நாலஞ்சு தூர் விட்டதும் வேரும் குட்டிக் கிழங்கும் ஒவ்வொண்ணுக்கும் இருக்குற மாதிரி பிரிச்சு தனித்தனிப் பையில வெச்சா அதுவும் திரும்ப தூர் விடும், அதையும் பிரிக்கலாம். கல்மூங்கிலுக்கும் முள்மூங்கிலுக்கும் கழிக் கரணை சரியா வராது, விதை வழிதான் நல்லது.

விதை இல்லன்னா குத்து மூங்கிலுக்கு நிச்சயமான வழி கிழங்கோட பேத்து வெக்கிறது. குத்தோட வெளி ஓரத்துல ஒண்ணுல இருந்து ரெண்டு வயசு கழியா தேர்ந்தெடுங்க. வயச எப்படி கண்டுபிடிக்கிறதுன்னா, ஒரு வயசுக் கழில கீழ்க் கணுல உறை மட்டை இன்னும் ஒட்டியிருக்கும், மேல வெள்ளையா மாவு பூசின மாதிரி இருக்கும், ரெண்டாவது வருஷம் மாவு போயி சுத்தமான பச்சையா பளபளன்னு தெரியும், மூணு நாலு வருஷமானா சாம்பல் சாம்பலா பாசித் திட்டு பிடிச்சிருக்கும், அத விட்டுடுங்க, அதோட கிழங்குல மொட்டு வேலைய முடிச்சிருக்கும். உறை மட்டைல இருக்குற பொடி முடி தோல்ல ஏறுனா ரெண்டு நாள் அரிச்சுகிட்டே இருக்கும், முழுக்கை சட்டையும் கிளவுஸும் போட்டுக்கோங்க.

தேர்ந்தெடுத்த கழிய மூணு அடி, நாலு அடி உயரத்துல ஒரு கணுவுக்கு மேல வெட்டிட்டு சுத்தி மண்ண தோண்டுங்க. தாய்க் கிழங்கோட சேர்ற எடத்துல ஒரு ஒல்லியான கழுத்து இருக்கும், அங்கதான் வெட்டணும், கடப்பாரைய வெச்சு நெம்பாதீங்க, நெம்புனா பக்க மொட்டு உடைஞ்சிடும். அந்த மொட்டு கிழங்கோட ரெண்டு பக்கமும் தட்டையா கூரா இருக்கும், ஒண்ணு உடைஞ்சா ஒரு குருத்து போச்சு. புதுக் குருத்து கெளம்புற சீசனுக்கு கொஞ்சம் முன்னாடி இத செஞ்சு ஈர சாக்குல சுத்தி அன்னைக்கே நட்டுடுங்க. பத்து செடிக்குள்ள வேணும்னா இந்த வழி போதும். அதுக்கு மேல போனா வேலையும் அதிகம், தாய்க் குத்தும் கெட்டுப் போகும்.

நெறைய வேணும்னா கழிக் கரணை. எனக்கு ரொம்ப பிடிச்ச வழி, மொத தடவ நான் மொத்தமா கோட்ட விட்டதும் இதுலதான், அதனால இத விரிவாவே சொல்றேன். எல்லா ரகமும் இதுல வராது. கழி சுவர் தடியா இருக்கணும், கீழ்க் கணுவச் சுத்தி குட்டி குட்டி வேர் முண்டு தெரியணும், அப்படி இருந்தா நல்ல சகுனம். வல்காரிஸ், பால்கோவா, ஆஸ்பர், குவாடுவா இதெல்லாம் நல்லா வரும். ரெண்டு வயசுக்குள்ள இருக்குற கழிய, குருத்து சீசனுக்கு ஒண்ணு ரெண்டு மாசம் முன்னாடி வெட்டுங்க. குருத்து வந்த பின்னாடி வெட்டுனா கழில இருந்த மாவுச்சத்தெல்லாம் புதுக் குருத்துக்கு போயிருக்கும், கரணைல மிச்சம் இருக்காது. நுனிப் பக்கம் ஒல்லியான பாகத்த விட்டுட்டு, கூரான ரம்பத்தால ரெண்டு கணு உள்ள கரணையா அறுங்க, கணுவுக்கு வெளிய ரெண்டு பக்கமும் ஒரு சாண் இல்லாட்டி நாலு விரலாவது விடணும். பக்கக் கிளைய ஒரு இஞ்ச் விட்டு வெட்டிடுங்க, கிளை அடில இருக்குற மொட்டு மேல கத்தி படக் கூடாது.

ரெண்டு கணுவுக்கும் நடுவுல, மொட்டு பக்கவாட்டுல வர்ற மாதிரி கரணைய பிடிச்சுகிட்டு, மேல் பக்கம் ஒரு சின்ன ஓட்டை போடுங்க, விரல் நுனி போற அளவு. அதுக்குள்ள தண்ணி ஊத்தி பிளாஸ்டிக் ஷீட்ட சுத்தி இறுக்கமா கட்டிடுங்க. வேர் ஹார்மோன் என்ஏஏ கெடச்சா ஒரு லிட்டர் தண்ணிக்கு 100 மில்லிகிராம் கணக்குல, மொதல்ல கொஞ்சம் ஆல்கஹால்ல கரைச்சு அப்புறம் தண்ணில கலந்து, அதுல 100 மில்லி ஊத்துங்க. ஹார்மோன் இல்லன்னாலும் வல்காரிஸ் வெறும் தண்ணிலயே வரும். மணல் கலந்த பாத்தில ஓட்டை மேல பாத்த மாதிரி படுக்க வெச்சு, மேல ஒரு இஞ்ச் மண்ணு போட்டு, வெக்கோலோ காஞ்ச இலையோ பரப்பி, ஷேட் நெட்டுக்கு கீழ வெச்சு ஈரம் காயாம பாத்துக்கோங்க. சொதசொதன்னு ஆக்கிடாதீங்க, கரையான் வருதான்னும் பாருங்க.

ரெண்டு மூணு வாரத்துல முளை எட்டிப் பாக்கும், ஒரு மாசத்துல இலை விரிச்சு ஜம்முனு நிக்கும். இங்கதான் நான் ஏமாந்தேன். பன்னெண்டு கரணைல ஒம்போதுல பச்சை பசேல்னு இலை, வேர் வந்துடுச்சுன்னு நம்பி அஞ்சாவது வாரம் எல்லாத்தையும் தோண்டி பையில மாத்தி வெச்சேன், பத்து நாள்ல ஒண்ணு பாக்கியில்லாம சருகாச்சு. கரணைய பொளந்து பாத்தா ஒரு வேர் கூட இல்ல. கழிக்குள்ள இருந்த சத்தையும் நான் ஊத்துன தண்ணியையும் குடிச்சுத்தான் அந்த இலையெல்லாம் வந்திருக்கு. மூங்கில் கரணைல மொதல்ல இலை, அதுக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் வேர், ரெண்டு மூணு மாசம் ஆகும். இப்பெல்லாம் மூணு மாசத்துக்கு முன்னாடி கை வெக்கிறதே இல்ல. அதுக்கப்புறம் கூட முளையோட அடில விரலால மண்ண லேசா கிளறிப் பாப்பேன், வெள்ளையா நூல் நூலா வேர் தெரியணும், முளைய மெதுவா இழுத்தா மண்ணு கூட சேந்து அசையணும். அப்புறம்தான் ரெண்டு கணுவுக்கும் நடுவுல அறுத்து தனித்தனியா பையில வெச்சு, ரெண்டு மூணு வாரம் நிழல்ல வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு பழக்குவேன்.

வேர் மட்டும் போதாது, அதையும் சொல்லணும். கிழங்கு வெக்காத கரணைச் செடி ஒரு வருஷம் கூட பச்சையா நிக்கும், ஆனா ஒரு புதுக் கழியும் வராது. பைய லேசா பிரிச்சு முளையோட அடிய பாருங்க, புடைச்சு கூரான மொட்டோட ஒரு குட்டிக் கொக்கி தெரியும், இல்லாட்டி மொத முளைய விட தடியா ரெண்டாவது முளை மண்ணுல இருந்தே வந்திருக்கும். அது தெரிஞ்சாத்தான் தோட்டத்துக்கு எறக்கணும்.

வல்காரிஸ்லயும் ஆஸ்பர்லயும் பக்கக் கிளை போத்தும் வெக்கலாம், தாய்க் குத்த வெட்ட வேண்டாம். கிளையோட அடி வீங்கி வேர் முண்டு உள்ளதா பாத்து, அந்த வீங்குன பாகம் முழுசா வர்ற மாதிரி கழியோட ஒட்டி எடுத்து, மூணு கணு விட்டு நுனிய வெட்டிட்டு சாய்வா நடணும். கரணைய விட கொஞ்சம் கம்மியாத்தான் தேறும், பத்து வெச்சா நாலு வந்தாலே சந்தோஷப்படுவேன்.

ஓடுற மூங்கிலுக்கு இதெல்லாம் செல்லாது, ஃபில்லோஸ்டாக்கிஸ் கழிய வெட்டி வெச்சா வேர் விடாது. அதுக்கு கிழங்கு வேணும். குளிர்காலம் முடியுற நேரம், குருத்து கெளம்புறதுக்கு முன்னாடி தோண்டுனா தந்தம் மாதிரி லேசான மஞ்சள்ல வழவழன்னு ஒரு கிழங்கும், பழுப்பேறி மங்கிப் போன கிழங்கும் தெரியும். மஞ்சளா இருக்குறதுதான் இளசு. உயிரோட மொட்டு இருக்குற ஒன்றரை அடி துண்டா வெட்டி மூணு நாலு இஞ்ச் ஆழத்துல படுக்க வெச்சு மூடுங்க. வெளிய எடுத்ததும் பொடி வேர் வெயில்ல சீக்கிரமா காஞ்சிடும், பக்கத்துலயே ஈர சாக்கு வெச்சுகிட்டு வேலை பாருங்க. ஒரு கழியும் சேந்து வந்தா இன்னும் நல்லது, சீக்கிரம் பிடிக்கும்.

இந்த வகைய நடும்போதே தடுப்பு போட்டுடுங்க, பின்னாடி பாத்துக்கலாம்னா முடியாது. 1.5 மில்லிமீட்டர் தடிமன் ஹெச்டிபிஇ (கெட்டியான பிளாஸ்டிக்) ஷீட், ரெண்டுல இருந்து ரெண்டரை அடி ஆழம், மண்ணுக்கு மேல ரெண்டு இஞ்ச் தெரியணும், மேல் பக்கம் லேசா வெளிய சாஞ்சிருக்கணும், அப்பத்தான் மோதுற கிழங்கு கீழ போகாம மேல திரும்பும். கிழங்கு பெரும்பாலும் மேல் ஒரு அடி மண்ணுலதான் ஓடும், அதனால வருஷத்துக்கு ஒரு தடவ ஓரத்த சுத்திப் பாத்து தாண்டுறத வெட்டுனா போதும். சிமெண்ட் சுவரு நம்பாதீங்க, விரிசல் விட்டதும் அது வழியா போயிடும்.

நடுறதுக்கு ரெண்டு அடிக்கு ரெண்டு அடி குழி, மக்குன தொழு உரம் கலந்த மண்ணு. பெரிய குத்து ரகம்னா செடிக்கு செடி 5 மீட்டராவது விடுங்க, இப்ப வெத்தா தெரியும், நாலஞ்சு வருஷத்துல அந்த எடம் பத்தாம போகும். பையில எந்த மட்டத்துல இருந்துச்சோ அதே மட்டத்துல நடுங்க. மொத ரெண்டு கோடை தண்ணி குறையாம பாத்துக்கணும், கொட்டுற இலைய கூட்டி எரிக்காதீங்க, அது அப்படியே அடில கெடந்து மக்கட்டும், மூங்கில் மண்ணுல இருந்து எடுத்த சிலிக்கா அந்த இலைலதான் திரும்ப வருது.

மொத மூணு வருஷம் ஒல்லிக் கழியா இருந்தாலும் வெட்டாதீங்க, அதோட இலைதான் கிழங்குக்கு சோறு. அதுக்கப்புறம் மூணு வயசு தாண்டுன கழிய மட்டும், குருத்து வராத சீசன்ல, குத்தோட உள்பக்கத்துல இருந்து எடுங்க, மண்ணுக்கு மேல மொத கணுவோ ரெண்டாவது கணுவோ பாத்து அதுக்கு ஒட்டி மேல அறுங்க, நடுவுல அறுத்து விட்டா கப்பு மாதிரி மழைத் தண்ணி தேங்கி கொசு முட்டை போடும், அடிக் கழியும் அழுகி கிழங்கு வரைக்கும் எறங்கும்.